ஒரு சோறு பதம் சொல்லாத இடம்: மருத்துவ மாணவரை எப்படிச் சோதிப்பது?

எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு செய்முறைத் தேர்வில் மாணவர்கள் அதிகம் பயப்படுவது ‘லாங் கேஸ்’ பகுதிக்குத்தான். வார்டில் ஒரு நோயாளியை ஒதுக்கிவிடுவார்கள். முக்கால் மணி நேரம் போலக் கிடைக்கும். அதற்குள் அவருடைய நோய்க் கதையைக் கேட்டு, தலை முதல் கால் வரை பரிசோதித்து, இன்ன நோயாக இருக்கலாம் என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும். பிறகு அந்தக் கல்லூரியின் பேராசிரியரும் வேறு ஊரிலிருந்து வந்திருக்கும் எக்ஸ்டர்னல் தேர்வாளரும் கட்டிலருகே வந்து “கேஸைச் சொல்லுங்க” என்பார்கள். அந்தப் பாடத்தில் மாணவரின் தலையெழுத்து பெரும்பாலும் அடுத்த இருபது நிமிடத்தில் முடிவாகிவிடும்.

இதில் அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு பங்கு என்று மாணவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஒருவருக்கு இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிய நோயாளி வாய்ப்பார். ஸ்டெதாஸ்கோப் வைத்தவுடன் முணுமுணுப்புச் சத்தம் தெளிவாகக் கேட்கும். பக்கத்துக் கட்டிலில் இன்னொருவருக்கு இருபது வருடச் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, காது கேட்காமை எல்லாம் சேர்ந்த பெரியவர். கேட்ட கேள்விக்கு ஒவ்வொரு முறையும் வேறு பதில் சொல்வார். தேர்வுக்கு வந்து வந்து பழகிய நோயாளிகளும் உண்டு. “வால்வு சுருங்கிருக்குன்னு சொல்லிடுங்க தம்பி, போன தடவை வந்த பொண்ணும் அதையேதான் சொல்லுச்சு” என்று விடையையே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பல இடங்களில் தேர்வாளர்கள் மாணவர் நோயாளியிடம் பேசியதையோ பரிசோதித்ததையோ பார்ப்பதே இல்லை. முடிந்த பிறகு அவர் ஒப்பிப்பதைத்தான் கேட்கிறார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்காமலேயே “கல்லீரல் இரண்டு விரற்கடை வீங்கியிருக்கிறது” என்று தைரியமாகச் சொல்லித் தப்பிக்க இடம் இருக்கிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். லாங் கேஸுக்கு அடியில் இருக்கும் நம்பிக்கை இதுவே: ஒரு நோயாளியை நன்றாகப் பார்த்தவர் எல்லா நோயாளிகளையும் நன்றாகப் பார்ப்பார். சோற்றுக்கு அது சரி, ஏனென்றால் பானை முழுவதும் ஒரே தண்ணீரில் ஒரே தீயில் வேகிறது. மருத்துவத் திறமை அப்படி ஒரே சீராக வேகுவதில்லை.

இதை மருத்துவக் கல்வி ஆய்வாளர்கள் 1970-களிலேயே கண்டுகொண்டார்கள். அமெரிக்காவில் ஆர்தர் எல்ஸ்டைனும் சகாக்களும் மருத்துவர்கள் எப்படி யோசித்து நோயைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1978-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ‘நோயறியும் திறமை’ என்று பொதுவான ஒரு திறமை இருக்கும், கெட்டிக்காரருக்கு அது எங்கும் கைகொடுக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். ஆனால் ஒரு நோயாளியிடம் மிகச் சிறப்பாகச் செயல்பட்ட மருத்துவர் அடுத்த நோயாளியிடம் சுமாராகச் செய்தார். நெஞ்சுவலியில் கெட்டியாக இருப்பவர் மஞ்சள்காமாலையிலும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியவில்லை. அந்தந்த நோயைப் பற்றிய அறிவும் அனுபவமும்தான் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் பலவும் இதையே திரும்பத் திரும்பக் காட்டின.

இந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டால் மருத்துவக் கல்வியில் தேர்வு, தரம், மாணவர் நலம் என்று தனித்தனியாகப் பேசப்படும் விஷயங்கள் பலவும் ஒன்றோடொன்று பொருந்திவிடும். அதனால்தான் இதிலிருந்து தொடங்கினேன்.

லாங் கேஸின் குறைகளுக்குப் பதிலாக வந்தவற்றில் இன்று உலகெங்கும் பரவியிருப்பது ‘ஆஸ்கி’ (OSCE – Objective Structured Clinical Examination). ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்ற பேராசிரியரும் மூன்று சகாக்களும் 1975-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் செய்தது எளிமையான காரியம். ஒரே நோயாளியிடம் மாணவரை முக்கால் மணி நேரம் உட்காரவைப்பதற்குப் பதிலாக, வார்டைச் சுற்றிப் பல ‘ஸ்டேஷன்’களை அமைத்தார்கள். ஒவ்வொன்றிலும் சில நிமிடங்களில் முடியும் ஒரு வேலை: ஒன்றில் நோய்க் கதை கேட்பது, ஒன்றில் உடலின் ஒரு பகுதியை மட்டும் பரிசோதிப்பது, ஒன்றில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துப் பொருள் சொல்வது, இன்னொன்றில் முந்தைய ஸ்டேஷனில் கண்டதைப் பற்றிய கேள்விக்கு விடை எழுதுவது. மணி அடித்ததும் எல்லோரும் ஒரு இடம் நகர வேண்டும். எல்லா மாணவருக்கும் ஒரே வேலைகள், ஒரே நேரம், ஒரே மதிப்பெண் பட்டியல்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு ஸ்டேஷனை மட்டும் விரிவாகப் பார்ப்போம். கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: “ஆஸ்துமா என்று புதிதாகக் கண்டறியப்பட்ட பெண்ணுக்கு இன்ஹேலர் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கவும். ஐந்து நிமிடம்.” மாணவர் உள்ளே போகிறார். தேர்வாளர் மூலையில் உட்கார்ந்திருப்பார், வாய் திறக்கமாட்டார். கையில் பட்டியல்: தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாரா, நோயாளிக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று கேட்டாரா, மருந்துக் குப்பியை நன்றாகக் குலுக்கச் சொன்னாரா, மூச்சை முழுவதும் வெளியே விட்ட பிறகு உதட்டால் இறுகக் கவ்வி, அழுத்தும் அதே நேரத்தில் மெதுவாக ஆழமாக இழுக்கச் சொன்னாரா, பத்து விநாடி மூச்சை அடக்கச் சொன்னாரா, ஸ்டீராய்டு மருந்தானால் பிறகு வாய் கொப்பளிக்கச் சொன்னாரா, கடைசியில் “இப்ப நீங்க செஞ்சு காட்டுங்கம்மா” என்றாரா. செய்ததற்கு எதிரே ஒரு டிக்.

எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் உண்மையில் நோயாளி அல்ல, பயிற்சி பெற்று நடிப்பவர். இந்த ஏற்பாடு ஆஸ்கியைவிடப் பழையது. ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1963-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஓவியர்களுக்கு மாடலாக இருந்த ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, கால்கள் செயலிழந்த நோயாளியாக நடிக்கவைத்தார். மருத்துவத்தில் நாடகமா என்று அப்போது கேலி பேசினார்கள். இன்று பல நாடுகளில் இது சம்பளம் பெறும் ஒரு வேலை. நம் ஊர்க் கல்லூரிகளில் பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜன்கள் எனப்படும் பயிற்சி மருத்துவர்கள், செவிலியர்கள், சில சமயம் கடைநிலை ஊழியர்கள் இந்த வேடத்தைப் போடுகிறார்கள். நன்றாகவே செய்கிறார்கள்.

நடிப்பவர் ஒவ்வொரு மாணவரிடமும் ஒரே வரியை ஒரே இடத்தில் சொல்லவேண்டும் என்பது விதி. நம் இன்ஹேலர் ஸ்டேஷனில் அந்த வரி இப்படி இருக்கலாம்: “இது பழகிட்டா அப்புறம் விடவே முடியாதாமே டாக்டர்?” தமிழ்நாட்டில் ஆஸ்துமா நோயாளிகளுக்கு மருந்து எழுதிய எவரும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டிருப்பார்கள். நல்ல மாணவர் அந்த இடத்தில் நின்று, பயத்தைக் கேட்டுப் பதில் சொல்வார். பட்டியலை மனப்பாடம் செய்துவந்தவர் “அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா” என்று தாண்டி அடுத்த டிக்கைத் தேடிப் போய்விடுவார்.

இனிமேல்தான் சுவாரசியம். ஆஸ்கி நியாயமான தேர்வாக இருப்பதற்குக் காரணம் அந்தப் பட்டியல்தான், அது தேர்வாளரின் விருப்பு வெறுப்பைத் தடுத்துவிடுகிறது என்பதே நெடுநாள் நம்பிக்கை. ‘ஆஸ்கி’ என்பதன் விரிவிலேயே ‘புறவயமான’ என்ற அடைமொழி இருக்கிறது. எண்கள் வேறு கதை சொல்கின்றன.

ஒரு தேர்வை எவ்வளவு நம்பலாம் என்பதை 0-விலிருந்து 1 வரையிலான ஒரு எண்ணால் குறிப்பார்கள். அதே மாணவர்களுக்கு அதே போன்ற இன்னொரு தேர்வை வைத்தால் மதிப்பெண் வரிசை எவ்வளவு தூரம் மாறாமல் இருக்கும் என்று அந்த எண் சொல்கிறது. தேறினாரா இல்லையா என்ற பெரிய முடிவுக்கு 0.8-ஆவது வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வான் டெர் ஃப்ளூட்டனும் ஷூவிர்த்தும் 2005-இல் பல்வேறு ஆய்வுகளின் எண்களை ஒரே அட்டவணையில் தொகுத்தார்கள். ஒரு மணி நேர ஆஸ்கிக்கு 0.54. ஒரு மணி நேர லாங் கேஸுக்கு 0.60. பழைய முறைதான் ஒரு படி மேலே! நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஆஸ்கிக்கு 0.82, லாங் கேஸுக்கு 0.86. எட்டு மணி நேரத்தில் இரண்டுக்கும் 0.90. வாய்மொழித் தேர்வான வைவாவும் கிட்டத்தட்ட இதே பாதையில்தான் ஏறுகிறது.

அதாவது, எந்த முறையானாலும் ஒரு மணி நேரம் போதாது. எந்த முறையானாலும் நான்கு மணி நேரம் கொடுத்தால் போதும். மாணவர் எத்தனை விதமான நோயாளிகளைச் சந்தித்தார், எத்தனை வேறு வேறு கண்கள் அவரைப் பார்த்தன என்பதுதான் கணக்கு. ஒரு தேர்வாளர் கறாரானவர், இன்னொருவர் இளகிய மனம் கொண்டவர் என்றால், பத்துப் பேர் பார்க்கும்போது அந்த ஏற்றத்தாழ்வு தானாகவே சமன்பட்டுவிடுகிறது. ஆஸ்கி வென்றதற்குக் காரணம், இருபது ஸ்டேஷன்களை ஒரே காலையில் நடத்த முடிகிறது என்பது. ஒரு மாணவருக்கு ஐந்து லாங் கேஸ் கொடுக்க எந்தக் கல்லூரியாலும் முடியாது. முடிந்தால் அதுவும் நல்ல தேர்வுதான்.

ஆனால் இருபது ஸ்டேஷன் வைத்து, அதில் எட்டு இதயத்தைப் பற்றியதாக இருந்தால் பயனில்லை. எனவே முதலில் ஒரு கட்டம் போட்டுக்கொள்வார்கள்: ஒரு பக்கம் உறுப்பு மண்டலங்கள், மறுபக்கம் திறமைகள், எந்தக் கட்டத்துக்கு எத்தனை ஸ்டேஷன் என்று. இதற்கு ‘புளூபிரிண்ட்’ என்று பெயர். சலிப்பான வேலை. இதைச் செய்யாமல் நடத்தும் ஆஸ்கி பெயரளவில்தான் ஆஸ்கி.

பட்டியலுக்குத் திரும்புவோம், ஏனென்றால் அதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. டொராண்டோவில் பிரையன் ஹாட்ஜஸும் சகாக்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் அனுபவம் மிகுந்த மருத்துவர்களையும் ஒரே மனநல ஆஸ்கியில் உட்காரவைத்தார்கள். டிக் பட்டியலில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் அனுபவசாலிகள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. மாணவர் முப்பது கேள்விகளை வரிசையாகக் கேட்பார், முப்பதுக்கும் டிக் விழும். பழுத்த மருத்துவர் நான்கு கேள்வியில் விஷயத்தைப் பிடித்துவிடுவார், மீதி இருபத்தாறு காலி. ஆகவே பட்டியல் மட்டும் இருந்தால் அது தொடக்க நிலையில் இருப்பவரின் நடையையே பரிசளித்துக்கொண்டிருக்கும். இதனால் பல இடங்களில் பட்டியலோடு கூட, “ஒட்டுமொத்தமாக இவர் எப்படி?” என்று தேர்வாளரின் ஒற்றைத் தீர்ப்பையும் கேட்கிறார்கள். அனுபவமுள்ளவரின் மனத் தீர்ப்பை முதலில் வாசல் வழியாக வெளியே அனுப்பிவிட்டு, இருபத்தைந்து ஆண்டு கழித்து மரியாதையாக உள்ளே அழைத்துவந்திருக்கிறார்கள். நல்லதுதான்.

அந்த ஒற்றைத் தீர்ப்பால் இன்னொரு லாபமும் உண்டு. எத்தனை மதிப்பெண் எடுத்தால் பாஸ்? நம் ஊரில் நூற்றுக்கு ஐம்பது என்று விதிப் புத்தகம் சொல்லும். எளிதான ஸ்டேஷனுக்கும் ஐம்பது, கடினமான ஸ்டேஷனுக்கும் ஐம்பது. மற்ற இடங்களில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். தேர்வாளர்கள் எந்தெந்த மாணவரை ‘அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை’ என்று குறித்தார்களோ, அவர்கள் அந்த ஸ்டேஷனில் பட்டியலின்படி எடுத்த சராசரி மதிப்பெண்ணே அந்த ஸ்டேஷனின் பாஸ் மார்க். கடினமான ஸ்டேஷனில் அது தானாகவே இறங்கும், எளிதானதில் ஏறும்.

இந்தியாவில் ஆஸ்கி புதிதல்ல. டி.என்.பி. என்ற முதுநிலைப் படிப்பின் குழந்தை மருத்துவச் செய்முறைத் தேர்வில் பல ஆண்டுகளாக உண்டு. பிரிட்டனில் வேலை செய்யப் போகும் நம் மருத்துவர்கள் எழுதும் பிளாப் தேர்வின் இரண்டாம் பகுதி முழுக்க முழுக்க ஆஸ்கிதான். அதற்காகவே மான்செஸ்டருக்கு விமானம் ஏறுகிறார்கள். எம்.பி.பி.எஸ். படிப்பில் 2019-இல் திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டம் வந்தபோது, இத்தகைய தேர்வு முறைகளும், நோயாளியிடம் பேசும் முறைக்கும் அறநெறிக்கும் தனிப் பாடமும், ஒவ்வொரு திறமையையும் செய்துகாட்டிக் கையெழுத்து வாங்கும் லாக் புக்கும் சேர்ந்து வந்தன.

லாக் புக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகமுடியாது. மாணவர் ஒரு வேலையைச் செய்கிறார், ஆசிரியர் பார்க்கிறார், எது சரி எது சரியில்லை என்று சொல்லிக் கையெழுத்திடுகிறார் என்பது எண்ணம். பதிவேடு ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய மாலையில் நாற்பது கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே மேஜையில் விழுவது பல இடங்களில் நடைமுறை. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலை ஓ.பி.யில் இருநூறு நோயாளிகள், மதியம் வகுப்பு, நடுவில் ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் கேட்கும் காகிதங்கள். பார்ப்பதற்கு நேரம் ஒதுக்காமல் பார்த்ததற்குக் கையெழுத்து கேட்டால் கையெழுத்துதான் கிடைக்கும்.

ஆஸ்கியால் அளக்க முடியாதது ஒன்று இருக்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் நான்கு அடுக்குப் பிரமிடு ஒன்றை வரைந்தார். அடியில் ‘தெரியும்’, அதற்கு மேல் ‘எப்படிச் செய்வதென்று தெரியும்’, அதற்கு மேல் ‘செய்து காட்டுவார்’, உச்சியில் ‘செய்கிறார்’. எழுத்துத் தேர்வு கீழ் இரண்டு அடுக்கு. ஆஸ்கி மூன்றாவது. தேர்வு நாளில் எல்லோரும் கை கழுவுவார்கள். இரவு இரண்டு மணிக்கு, முப்பதாவது நோயாளிக்கு முன்னால் கை கழுவுகிறாரா என்பது நான்காவது அடுக்கு.

அதை அளக்க ஒரே வழி, வேலை நடக்கும் இடத்திலேயே போய்ப் பார்ப்பது. ஜான் நார்சினியும் சகாக்களும் 1995-இல் விவரித்த ‘மினி-செக்ஸ்’ (Mini-CEX – Mini Clinical Evaluation Exercise) அப்படிப்பட்டது. பெயர்தான் நம் வகுப்பறைகளில் சிரிப்பை வரவழைக்கும். பலர் ‘மினி சி.இ.எக்ஸ்.’ என்றே சொல்லிவிடுகிறார்கள். வார்டிலோ ஓ.பி.யிலோ மாணவர் உண்மையான ஒரு நோயாளியைப் பார்க்கும்போது ஆசிரியர் கால் மணி நேரம் அருகே நின்று கவனிக்கிறார். முடிந்ததும் அங்கேயே, “கேள்வியெல்லாம் நல்லா கேட்டீங்க. ஆனா அவங்க மகன் செத்ததைச் சொன்னப்ப நீங்க குனிஞ்சு எழுதிட்டே இருந்தீங்க” என்பது போல இரண்டொரு வார்த்தை. சில அளவுகோல்களில் மதிப்பீடு. அவ்வளவுதான். ஆண்டுக்குள் பல ஆசிரியர்கள், பல நோயாளிகள் என்று இது சேரச் சேர நம்பகமும் ஏறும். மேலே சொன்ன 2005 அட்டவணையில் ஒரு மணி நேரக் கணக்கில் அதிக நம்பகம் பெற்றவற்றில் இது ஒன்று: 0.73.

அப்படியானால் எல்லாவற்றையும் இதற்கே மாற்றிவிடலாமா? வான் டெர் ஃப்ளூட்டன் 1996-இல் ஒரு சூத்திரம் சொன்னார். ஒரு தேர்வு முறையின் பயன் என்பது அதன் நம்பகம், அது அளக்கவேண்டியதைத்தான் அளக்கிறதா என்பது, மாணவரின் படிப்பை அது எந்தப் பக்கம் திருப்புகிறது என்பது, சம்பந்தப்பட்டவர்கள் அதை ஏற்கிறார்களா என்பது, செலவு ஆகியவை சேர்ந்தது. இவற்றைக் கூட்டவில்லை, பெருக்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம்.

செலவால் விழுந்த ஒரு தேர்வு கண்முன்னே இருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவராக உரிமம் பெற 2004-இலிருந்து, நடிக்கும் நோயாளிகளைப் பார்த்துக் காட்டும் ஒரு தேர்வு கட்டாயமானது. நாடு முழுவதற்கும் ஐந்து நகரங்களில்தான் மையம். கட்டணம் கடைசியில் ஏறத்தாழ 1,300 டாலர், பயணச் செலவு தனி. அமெரிக்கக் கல்லூரிகளில் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முதல் முறையே தேறினார்கள். இவ்வளவு செலவழித்து என்ன கண்டுபிடிக்கிறோம் என்று மாணவர்களே கேட்கத் தொடங்கினார்கள். 2020-இல் கொரோனாவுக்காக நிறுத்தினார்கள். 2021 ஜனவரியில் இனி கிடையாது என்று அறிவித்தார்கள். தோற்றவர்களுக்குக்கூட எங்கே தவறினோம் என்று விரிவாகச் சொல்லாத தேர்வு அது. என் கணக்கில் செலவைவிட அதுதான் பெரிய குறை.

மாணவர் நலத்தைத் தனித் தலைப்பாக எடுத்துக்கொள்ளும்போது பேச்சு உடனே யோகா, கவுன்சலிங், ‘மன உறுதி’ப் பயிலரங்கம் என்று போய்விடுகிறது. முதலில் நிலைமை என்னவென்று பார்ப்போம். 2016-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வில், பல நாடுகளில் ஆய்வுக்குட்பட்ட மருத்துவ மாணவர்களில் 27.2 சதவீதத்தினருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. 11.1 சதவீதத்தினருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. நம் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கைக்காக இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட இளநிலை மாணவர்கள் இணையவழியில் பதில் சொன்னார்கள்; தங்களுக்கு மனநலப் பாதிப்பு கண்டறியப்பட்டிருப்பதாகச் சொன்னவர்கள் 27.8 சதவீதம். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு என்பதால் எல்லோருக்கும் பொருத்திப் பார்க்க முடியாது. அப்படியும் சிறிய எண் அல்ல. முதுநிலை படிக்கும் பிஜி மருத்துவர்களுக்கு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கொடுக்கக் கூடாது, வாரம் ஒருநாள் விடுப்பு வேண்டும் என்பவை அந்தக் குழுவின் பரிந்துரைகளில் அடக்கம். எழுபத்துநான்கு என்ற எண்ணே ஒரு சலுகையாக வாசிக்கப்படும் சூழல் இது.

காரணங்கள் பல: பணம், தூக்கமின்மை, ராகிங், சாதிப் பாகுபாடு, வீட்டின் எதிர்பார்ப்பு. தேர்வு முறையும் அவற்றில் ஒன்று, அதை மாற்றுவது கல்லூரியின் கையில் இருக்கிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஏ, பி, சி தரவரிசையை எடுத்துவிட்டு, தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் வைத்தார்கள். முன்பு படித்த அணியையும் மாற்றத்துக்குப் பின் வந்த அணியையும் ஒப்பிட்டு 2009-இல் எழுதினார்கள். முதல் மூன்று பருவங்களில் மாணவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. பாடத் தேர்வுகளிலோ உரிமத் தேர்விலோ மதிப்பெண் சரியவில்லை. போட்டி இல்லாவிட்டால் படிக்கமாட்டார்கள் என்ற பயம் அங்கே பொய்யானது.

எல்லா இடத்திலும் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. அமெரிக்க உரிமத் தேர்வின் முதல் கட்டத்தில் 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண்ணை எடுத்துவிட்டார்கள். சிறப்புப் பயிற்சி இடங்களுக்கான போட்டி அப்படியே இருந்ததால், அழுத்தம் மதிப்பெண் தொடரும் இரண்டாம் கட்டத்துக்கு இடம் மாறியது. இறுதியில் முதுநிலை இடங்களுக்கான நுழைவுத் தேர்வாக ஒரு நீட் பிஜி காத்திருக்கும் நம் ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. மூன்றாம் ஆண்டிலேயே வார்டை விட்டுவிட்டுக் கோச்சிங் காணொளிகளில் மூழ்கும் மாணவரை யாரும் திட்டலாம். ஆனால் எந்தக் கேள்வி கேட்கப்படும் என்று தெரிந்துகொண்டு அதற்குத்தான் அவர் படிக்கிறார்.

இங்கேதான் நம்பகக் கணக்கும் மாணவர் நலமும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ஒரே நாள், ஒரே நோயாளி, இரண்டே தேர்வாளர்கள் என்ற தேர்வு அளவுகோலாகவும் மோசம், மாணவரின் தூக்கத்துக்கும் மோசம். மாஸ்ட்ரிக்ட்டில் இதற்கு ஒரு மாற்று வளர்ந்தது. ஆண்டு முழுவதும் சின்னச் சின்னப் பார்வைகள். அவை ஒவ்வொன்றும் முதலில் கற்றுக்கொள்வதற்காக. எதுவும் தனியாகத் தலையெழுத்தைத் தீர்மானிக்காது. போதுமான அளவு சேர்ந்த பிறகு ஒரு குழு எல்லாவற்றையும் ஒருசேரப் பார்த்துத்தான் பெரிய முடிவை எடுக்கும். நடுவில் மாணவருக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியர். கடைசி முடிவு அதிர்ச்சியாக வந்து விழாதபடி பார்த்துக்கொள்வது அவர் வேலை.

சொல்லும்போது அழகாக இருக்கும் இந்த ஏற்பாட்டைக் கெடுக்க ஒரு வழி போதும்: அந்தச் சின்னப் பார்வைகள் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு இன்டர்னல் மார்க்கில் சேர்ப்பது. ஆண்டுக்கு ஒரு பயம் என்றிருந்தது வாரத்துக்கு ஒரு பயமாகிவிடும். திறன் பாடத்திட்டம் வந்த பிறகு நம் மாணவர்கள் சொல்லும் புகாரும் இதுதான்: “எப்பப் பாத்தாலும் ஏதாவது டெஸ்ட் சார்.” அவர்களுக்குக் கிடைப்பது எண், கிடைக்கவேண்டியது “இன்ன இடத்தில் கையை இப்படி வை” என்ற சொல்.

மேலே சொன்னவற்றில் எதற்கும் காத்திருக்காமல் ஒரு சாதாரணத் துறை செய்யக்கூடியது என்ன? ஆறு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வார்டுப் பயிற்சிக்கான போஸ்டிங்கில் இருபத்துநான்கு மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஸ்டேஷன் போதும்: ரத்த அழுத்தம் பார்ப்பது, இன்ஹேலர், ஒரு இ.சி.ஜி., மூட்டுப் பரிசோதனை, சர்க்கரை நோயாளியின் கால் பரிசோதனை, கெட்ட செய்தியைச் சொல்வது. நடிக்க ஹவுஸ் சர்ஜன்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிட வேலை, பிறகு இரண்டு நிமிடம் அதே ஆசிரியர் அதே இடத்தில் திருத்திச் சொல்வதற்கு. ஒரு சுற்று முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். நான்கு சுற்றில், மூன்று மணி நேரத்தில், எல்லோரும் முடித்துவிடலாம். மொத்தமே அரை மணி நேரச் சோதனை என்பதால் இதை வைத்து யாரையும் பாஸ், ஃபெயில் என்று சொல்லக் கூடாது. மதிப்பெண்ணைச் சுவரில் ஒட்டவும் கூடாது. ஆண்டுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் வேறு ஆறு ஸ்டேஷன்களோடு நடத்தினால், ஒரு மாணவரைப் பற்றி இருபத்துநான்கு குறிப்புகள் சேர்ந்திருக்கும். உதவி தேவைப்படுபவர் யார் என்று இரண்டாவது முறையிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும், யூனிவர்சிட்டி எக்ஸாமுக்கு வெகு முன்னால்.

அப்படித் தெரியவரும் மாணவரில் சிலருக்குப் படிப்பில் பிரச்சினை இருக்காது. தூக்கத்திலோ மனத்திலோ இருக்கும். அதற்காக இரண்டு விஷயங்களை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஒன்று, அந்த மாணவருக்கு மதிப்பெண் போடும் பொறுப்பில் இல்லாத ஒரு ஆசிரியர் அவரிடம் பேசுவது. மற்றது, கல்லூரிக்கு வெளியே யாருக்கும் தெரியாமல் பேச ஒரு வழி: அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸ், 14416, இருபத்துநான்கு மணி நேரமும், தமிழிலும். இந்த எண்ணைத் துறையின் அறிவிப்புப் பலகையைவிட விடுதிக் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுவது நல்லது. அங்கே நின்று நிதானமாகக் குறித்துக்கொள்வதை யாரும் பார்க்கமாட்டார்கள்.